உங்கள் ஊர் நூலகத்தில் ஓர் எழுத்தாளர் நாள்: முதன்முறை நடத்துகிறவர்களுக்கு

ஊர்க் கிளை நூலகத்தில் ஓர் எழுத்தாளரின் பிறந்தநாளைக் கொண்டாட வேண்டும், கூடவே கொஞ்சம் பாட்டு இருக்க வேண்டும், ஊரின் பழைய சங்கதிகளும் நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்று ஆசை இருக்கிறது, ஆனால் யாரைப் பார்ப்பது, எதில் தொடங்குவது என்று பிடிபடவில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அனுமதி வாங்குவதிலிருந்து விழா முடிந்த பிறகு செய்ய வேண்டியது வரை வரிசையாகச் சொல்கிறேன். பெரும்பாலும் உ.வே.சாமிநாதையரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். ஏன் அவர் என்பது போகப்போகத் தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் யோசனைகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. நூலகத்தில் நடக்கிற விழா முடிந்ததும் வந்தவர்கள் கையில் புத்தகத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், யார் தலைமை தாங்கினார், பேப்பரில் படம் வந்ததா என்பதெல்லாம் அப்புறம். அன்று எத்தனை புத்தகம் இரவல் போனது என்பதை வைத்துத்தான் விழா நன்றாக நடந்ததா என்று நான் பார்ப்பேன்.

முதலில் நூலகரைப் பாருங்கள்

விழா நாளுக்கு இரண்டு மாதம் முன்னால் நூலகத்துக்குப் போங்கள். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, அதனால் வேறொரு நாளில், கூட்டம் இல்லாத நேரத்தில் போவது நல்லது. நீங்கள் இன்னும் உறுப்பினர் இல்லையென்றால் முதலில் உறுப்பினர் ஆகிவிடுங்கள். முகவரிச் சான்றும் ஒரு சின்ன வைப்புத்தொகையும் போதும். தானே ஒரு புத்தகம்கூட எடுக்காத ஆள் வந்து "விழா நடத்தலாமா சார்" என்று கேட்டால் எந்த நூலகருக்கும் தயக்கம் வரும், அது நியாயம்தான்.

அடுத்து, அங்கே வாசகர் வட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் பலவற்றில் இந்த அமைப்பு உண்டு. தலைவர், செயலர் எல்லாம் இருப்பார்கள், சில ஊர்களில் மாதாமாதம் கூட்டம் நடக்கும், சில ஊர்களில் பதிவேட்டில் மட்டும் பெயர் இருக்கும். எப்படி இருந்தாலும் அதன் பெயரிலேயே விழாவை நடத்துங்கள். புதிதாக ஒரு மன்றம் தொடங்கி, அதற்கு ஒரு பேனர் அடித்து, வட்டத்துக்காரர்களோடு போட்டி போடுவதில் ஒரு பலனும் இல்லை. வட்டமே இல்லையென்றால் நூலகரோடு சேர்ந்து ஒன்றைத் தொடங்குங்கள், நாலைந்து வாசகர்கள் கிடைத்தால் போதும்.

அனுமதி நூலகர் கையில் மட்டும் இல்லை. கிளை நூலகர் மாவட்ட நூலக அலுவலருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். எனவே ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுங்கள்: என்ன விழா, என்றைக்கு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, சுமார் எத்தனை பேர், கட்டணம் கிடையாது, கட்சிக்கொடி கிடையாது, நாற்காலி எடுத்துப் போட்டுத் திரும்ப அடுக்கி இடத்தைக் கூட்டிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பல கிளை நூலகங்களில் நூலகர் ஒருவர்தான் எல்லா வேலைக்கும். விழா முடிந்து இரவு எட்டு மணிக்கு அவர் தனியாக நின்று டீக் கப் பொறுக்கும்படி விட்டால் அடுத்த முறை அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

அப்புறம், கேட்கும்போது கூச்சப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948லேயே வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் அன்றைய சென்னை மாகாணம். அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். நீங்கள் கட்டும் சொத்துவரியோடு பத்து சதவீதம் நூலக வரியாகவும் போகிறது, ரசீதை எடுத்துப் பார்த்தால் தெரியும். அந்த அறையும் அந்த மின்விசிறியும் அந்தப் புத்தகங்களும் ஊர்ப்பணத்தில் வந்தவை. மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் தயவு கேட்பதாக நினைக்காதீர்கள்.

யாரைக் கொண்டாடுவது

பாரதி, பாரதிதாசன் என்றால் யாரும் மறுப்பு சொல்ல மாட்டார்கள், கூட்டமும் வரும். அதில் தவறில்லை. ஆனால் முதலில் உங்கள் ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் பாருங்கள் என்று சொல்வேன். எட்டயபுரத்தில் பாரதி பிறந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் 1835ல் காலமானது அதே ஊரில்தான், அவர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904ல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற மாபெரும் இசை நூலை அச்சிட்டதும் அதே ஊரில்தான். இதையும் சேர்த்து எத்தனை பேர் சொல்கிறார்கள்? சீர்காழியில் ஒரு நூலக விழா என்றால் ரங்கநாதனும், கீர்த்தனைகள் இயற்றிய முத்துத்தாண்டவரும், இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரும் ஒரே மேடைக்கு வந்துவிடுவார்கள். உங்கள் ஊரில் அவ்வளவு புகழ்பெற்றவர் யாரும் இல்லாமல் இருக்கலாம். பள்ளியில் தமிழாசிரியராக இருந்து தன் சொந்தக் காசில் இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டவர் ஒருவராவது கட்டாயம் இருப்பார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், பழைய அச்சகக்காரர்கள், கோயில் ஓதுவார், பள்ளி ஆண்டு மலர் பழைய பிரதிகள், இந்த நாலு இடத்தில் விசாரித்தால் பெயர்கள் வந்து விழும்.

எழுத்தும் இசையும் ஊர் வரலாறும் மூன்றும் ஒரே ஆளிடம் வேண்டும் என்றால் உ.வே.சா.வைவிடப் பொருத்தமானவர் எனக்குத் தோன்றவில்லை. அவரை ஓலைச்சுவடி தேடி அலைந்த தாத்தா என்று பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடித்துவிடுகிறோம். அவர் வளர்ந்த வீடு சங்கீத வீடு. அப்பா வேங்கடசுப்பையர் பாடகர், உடையார்பாளையத்தில் இருந்த கனம் கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்றவர். மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்கப் போனபோது, அதே ஊரில் இருந்த, நந்தனார் கீர்த்தனைகள் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இந்தப் பையன் சங்கீதமும் கற்றுக்கொண்டிருக்கிறான். பிள்ளைக்கு அது தெரியவந்தபோது, சங்கீதத்தில் பழகினால் இலக்கிய இலக்கணத்தில் மனசு செல்லாது என்று அவர் நினைத்ததால் மாணவர் பாட்டை விட்டுவிட்டார். ஆனாலும் பாட்டு அவரை விடவில்லை. கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் மூவருடைய வாழ்க்கையையும் அவர்தான் பிற்காலத்தில் எழுதிவைத்தார். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் பாட்டுக்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள இன்றைக்கும் அவற்றைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு தொடர்பும் உண்டு. அவர் 1892ல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சில் கொண்டுவந்தார். அதன் அரங்கேற்று காதையிலும் உரையிலும் கிடக்கிற யாழ், பண், தாளச் செய்திகள் வெளியே வந்த பிறகுதான் பழந்தமிழ் இசை பற்றிய ஆராய்ச்சி சூடுபிடித்தது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917ல் வந்தது, விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் 1947ல் வந்தது. பேச வருகிறவரிடம் இந்த ஒரு சங்கிலியை மட்டும் இருபது நிமிடத்தில் சொல்லச் சொல்லுங்கள், போதும்.

தேதி

உ.வே.சா. பிறந்தது 1855 பிப்ரவரி 19. பிப்ரவரி என்றால் பள்ளிகளில் செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு எல்லாம் ஓடும். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் வர மாட்டார்கள், அவர்கள் ஆசிரியர்களுக்கும் நேரம் இருக்காது. ஆறிலிருந்து ஒன்பதாவது வரை உள்ள பிள்ளைகளை நம்பித் திட்டமிடுங்கள். முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பார்த்துவிடுங்கள். ஊரில் மூன்று கல்யாணம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் யாரும் வர மாட்டார்கள். பிறந்தநாளுக்கு முன்பின் ஒரு வாரம் தள்ளி வைத்தால் தப்பே இல்லை. பெரியவர்கள் நிறைய வர வேண்டும் என்றால் நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் நூலக வார விழாவில் சேர்த்துக்கொள்ளலாம். ரங்கநாதன் நினைவாக நூலகர் தினம் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12 இன்னொரு நல்ல தேதி.

மாலை நாலரையிலிருந்து ஆறரை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

புத்தகங்களைச் சேர்ப்பது

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும், பலர் இதைக் கடைசி நாளுக்கு விட்டுவிடுகிறார்கள். நூலகரோடு உட்கார்ந்து அலமாரியில் உ.வே.சா. எழுதியவை, பதிப்பித்தவை, அவரைப் பற்றியவை என்ன என்ன இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். என் சரித்திரம் ஒரு பிரதியாவது இருக்கும். ஒரு பிரதி போதாது, விழா நாளில் ஐந்து பேர் கேட்பார்கள். மாவட்ட மைய நூலகத்திலிருந்து சில பிரதிகளைத் தற்காலிகமாக வரவழைக்க முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள், இரண்டு மாதம் முன்னால் வரச் சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான். கடிதப் போக்குவரத்துக்கு நாளாகும்.

புரவலர் திட்டம் பற்றியும் கேளுங்கள். ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒருவர் நூலகத்துக்குப் புரவலர் ஆகலாம். ஊரில் கடை வைத்திருப்பவர்கள், வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் இப்படி நாலு பேர் கிடைத்தால் விழா மேடையிலேயே அவர்களை அறிவிக்கலாம். பொன்னாடைக்கும் நினைவுப்பரிசுக்கும் போகிற பணத்தை எப்போதும் புத்தகத்துக்குத் திருப்பிவிடுங்கள். பேச வந்தவருக்கு ஒரு புத்தகம் கொடுத்தால் போதும், அவர் சந்தோஷமாகவே வாங்கிக்கொள்வார்.

அச்சுப் பிரதி கிடைக்காதவற்றுக்கு இணையம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம், இந்த மூன்றிலும் தேடுங்கள். ஈழத்து எழுத்தாளர் என்றால் நூலகம் நிறுவனத்தின் தளத்துக்கு நேரே போங்கள், 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலான பிறகு, ஈழத்து நூல்களைக் கண்ணும் கருத்துமாக மின்வடிவில் சேர்த்து வைத்திருப்பவர்கள் அவர்கள்.

பதிப்புரிமை பற்றிச் சுருக்கமாக: இந்தியாவில் எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை உண்டு. உ.வே.சா. 1942ல் காலமானார், அதனால் அவர் எழுத்தைப் படி எடுப்பதில் சிக்கலில்லை. பாரதி, பாரதிதாசன், புதுமைப்பித்தன் போலத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களையும் தயங்காமல் பயன்படுத்தலாம். உயிரோடு இருக்கும் எழுத்தாளர் என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரு போன் போட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள், நேரில் வந்தாலும் வருவார்கள். ஆனால் முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்து விநியோகிக்காதீர்கள்.

வாசிப்பு

நான் ஆசைப்படுவது இதுதான்: விழா வரவேற்புரையோடு தொடங்கக் கூடாது. முன்னிலை, தலைமை, வாழ்த்துரை, சிறப்புரை என்று போனால் எழுத்தாளர் எழுதிய ஒரு வரிகூடக் காதில் விழாமலே மணி ஆறாகிவிடும். மணி நாலரை ஆனதும் ஒருவர் எழுந்து நின்று புத்தகத்தைத் திறந்து படிக்கட்டும்.

மூன்று பேர், ஆளுக்கு நாலைந்து நிமிடம். ஒரு மாணவி, ஒரு நடுவயதுக்காரர், ஒரு முதியவர் என்று குரல்கள் வேறுபட்டால் கேட்க நன்றாக இருக்கும். என் சரித்திரத்தில் 122 அத்தியாயங்கள், அதில் எதை எடுப்பது என்று மலைக்க வேண்டாம். மூன்று இடங்கள் சொல்கிறேன். ஒன்று, 1880ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிற இடம். தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார், முதலியார் அசையவே இல்லை, இதனால் என்ன பிரயோசனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்கிறார். இரண்டு பேரை வைத்து உரையாடலாகப் படிக்க வைத்தால் குழந்தைகள்கூட அசையாமல் கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியிலிருந்து 1887ல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. இரண்டு, 1876 பிப்ரவரி முதல் தேதி மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறக்கும் இரவு, மாணவர் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படிக்க ஆசிரியர் உயிர் பிரிகிற இடம். இதை நன்றாகப் படிக்கத் தெரிந்த பெரியவரிடம் கொடுங்கள். மூன்று, கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டுக் கற்ற பகுதி, அதை அடுத்து உடனே பாட்டுக்குப் போய்விடலாம்.

படிக்கிறவர்கள் முன்கூட்டியே வீட்டில் உரக்க இரண்டு மூன்று தடவை படித்துப் பார்த்திருக்க வேண்டும். ஐயரின் உரைநடை எளிமையானதுதான், ஆனால் அங்கங்கே செய்யுள் வரும், அங்கே திக்கினால் கேட்கிறவர்கள் கவனம் போய்விடும். செய்யுளைச் சீர் பிரித்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகத்தில் அல்ல, தனித் தாளில்.

பாட்டு

வெளியூரிலிருந்து பெரிய வித்துவானைக் கூப்பிட வேண்டியதில்லை. ஊரில் பஜனை மடம் இருக்கும், பாட்டு டீச்சர் இருப்பார், ஓதுவார் இருப்பார், நாதஸ்வரக்காரர் இருப்பார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் கீர்த்தனைகளில் இரண்டு மூன்று பாடத் தெரிந்தவர் காவிரிக்கரை ஊர்களில் மட்டுமல்ல, எங்கேயும் கிடைப்பார். பாடுவதற்கு முன்னால் உ.வே.சா. எழுதிவைத்த அந்தச் சம்பவத்தை ஒருவர் சொல்லட்டும்: நந்தனார் சரித்திரத்துக்கு ஒரு சாற்றுகவி, அதாவது நூலைப் பாராட்டும் செய்யுள், வேண்டும் என்று பாரதியார் பிள்ளையிடம் பல தடவை போகிறார், இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று பிள்ளை தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார், ஒருநாள் பிள்ளை உள்ளே படுத்திருக்க, பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து தன்பாட்டுக்குப் பாடுகிறார், "கனகசபாபதி தரிசனம் ஒருநாள் கண்டால் கலி தீரும்" என்ற கீர்த்தனை காதில் விழுந்து, பிள்ளை உருகிப்போய் வெளியே வந்து கவி கொடுத்துவிடுகிறார். கதை முடிந்த கையோடு அதே பாட்டைப் பாடச் சொல்லுங்கள். இலக்கணத்துக்கும் இசைக்கும் நடந்த வழக்கு என்ன என்று அந்த அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரு விளக்கமும் இல்லாமல் புரிந்துவிடும்.

நந்தனார் கதை என்றால் சாதிக் கேள்வி வரும், வரட்டும். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்ற பெயரில் வரும் நந்தனார் கதையில் அடிமைபோல் நடத்தும் வேதியர் என்ற பாத்திரமே இல்லை, அது பாரதியார் சேர்த்தது. ஏன் சேர்த்தார், அது நந்தனின் துயரத்தைக் காட்டுகிறதா, அவனை இன்னும் கெஞ்ச வைக்கிறதா என்று கூட்டத்தில் யாராவது கேட்டால் அமுக்கிவிடாதீர்கள். பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நூலகம் அதற்கான இடம்.

பாடுகிறவர்களுக்கு எதுவும் கொடுக்காமல் அனுப்பாதீர்கள். "நம்ம ஊர் ஆள்தானே" என்று சொல்லிக் கலைஞர்களை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. சிறியதோ பெரியதோ, ஒரு தொகையைத் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுங்கள், பக்கவாத்தியக்காரருக்கும் சேர்த்து.

ஒலி விஷயம்: ஒரு சின்னப் பெட்டி ஸ்பீக்கர், ஒரு மைக், போதும். பாட்டு நேரத்தில் மின்விசிறி சத்தம் தொல்லை செய்யும், முடிந்தால் அந்த வரிசை மட்டும் நிறுத்துங்கள். தெருவில் குழாய் கட்டினால் காவல்துறை அனுமதி வேண்டும். நூலகத்தில் நடப்பதை ஊருக்கே கேட்க வைக்கத் தேவையும் இல்லை. பார்வையாளர்களிடம் பணம் வாங்காமல் அமெச்சூர் குழு நடத்தும் நிகழ்ச்சிக்குப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு உண்டு, அதனால் மேடையில் பாடுவதில் கவலை வேண்டாம். ஆனால் இசைத்தட்டு அல்லது சினிமாப் பாட்டை ஓடவிட்டு அதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டால் நிறுவனத்துக்காரர்கள் உரிமை கேட்பார்கள். ஊர்க்காரர் குரலில் பழைய கீர்த்தனை என்றால் அந்தத் தலைவலி இல்லை.

ஊர்ச் சொத்து மேசை

வாசலருகே இரண்டு மேசை போட்டு, வீடுகளில் கிடக்கும் பழைய பொருள்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். என்னென்ன என்று தெளிவாகச் சொன்னால்தான் வரும். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், கோயில் திருவிழா அழைப்பிதழ், பழைய கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் குரூப் போட்டோ, இசைத்தட்டு, ஓலைச்சுவடி. "பழைய பொருள்" என்று பொதுவாகச் சொன்னால் வெண்கலப் பானைதான் வரும்.

வாங்கும்போது ஒரு நோட்டில் யாருடையது, என்ன பொருள், எந்த நிலையில் இருந்தது என்று எழுதி அவர் கையெழுத்தும் வாங்குங்கள். மாலையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒரு இரவுகூட வைத்துக்கொள்ள வேண்டாம். வந்ததை எல்லாம் போனில் படம் எடுங்கள்: ஜன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் மேலிருந்து, ஓரங்கள் நாலும் தெரியும்படி. கிழிந்த தாளுக்கு செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள், இரண்டுமே தாளைக் கொன்றுவிடும்.

சுவடி வந்தால் தனிக் கவனம். கட்டைப் பிரித்து விரிக்காதீர்கள், காய்ந்த ஓலை விளிம்பில் பொடிந்துவிடும். சொந்தமாக எண்ணெய் பூசும் சோதனையும் வேண்டாம். சுவடியின் மேல் ஏடு, கட்டின் நீளம் அகலம், குடும்பம் சொல்லும் கதை, இவற்றைக் குறித்துக்கொண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையையோ சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ 1943ல் தொடங்கி இப்போது பெசன்ட் நகரில் இயங்கும் உ.வே.சா. நூல்நிலையத்தையோ தொடர்புகொள்ளும்படி வீட்டுக்காரருக்கு வழி சொல்லுங்கள். பழைய அச்சுப் புத்தகம், இதழ் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் சேர்த்துவைத்த புத்தகங்களிலிருந்து உருவான நூலகம் அது.

பாட்டிகளின் பாட்டையும் பதிவு செய்ய ஆசை வரும், செய்யுங்கள், ஆனால் விழா மேடையில் அல்ல. மைக்கைப் பார்த்ததும் தாலாட்டு மறந்துவிடும். விழாவுக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போய், போனை ஏரோபிளேன் மோடில் வைத்து, பக்கத்தில் ஒரு துணிமேல் வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு வரும். ஒப்பாரியை வற்புறுத்திக் கேட்காதீர்கள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்று பல வீடுகளில் நினைப்பார்கள், அதை மதிக்க வேண்டும். அவர்களாக மனம் வந்து "வா, அந்தக் களத்து மேட்டுக்குப் போய்ப் பாடறேன்" என்று கூப்பிட்டால் போங்கள். பதிவின் தொடக்கத்திலேயே பெயர், ஊர், யாரிடம் கற்றது, இதை மற்றவர்களுக்குப் போட்டுக்காட்டலாமா என்ற நாலையும் அவர்கள் குரலிலேயே வாங்கிவிடுங்கள். விழாவில் ஒரு பாட்டைப் போட்டு, பாடியவரை முன்வரிசையில் உட்கார வைத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

விழா நாள்

காலையிலேயே புத்தகங்களை மேசையில் அட்டை தெரியும்படி பரப்பி வையுங்கள். "தொடாதீர்" என்று எங்கும் எழுத வேண்டாம், புரட்டுவதற்குத்தான் வைத்திருக்கிறோம். நூலகரிடம் முன்கூட்டியே பேசி, விழா நடக்கும் நேரம் முழுவதும் இரவல் பதிவேடு திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இது நடக்கவில்லையென்றால் மற்றதெல்லாம் நடந்தும் பலனில்லை. உறுப்பினர் படிவம் ஒரு கட்டு, பேனா நாலைந்து, ஒரு தன்னார்வலர், அவர் வேலை படிவம் நிரப்ப உதவுவது மட்டும். என்ன சான்று கொண்டுவர வேண்டும் என்பதை அழைப்பிதழிலேயே போட்டுவிட்டால் அன்றே உறுப்பினர் ஆகிப் புத்தகமும் எடுத்துப் போகலாம்.

வரிசை இப்படி: வாசிப்பு இருபது நிமிடம், பாட்டு அரை மணி, ஒரே ஒரு பேச்சு இருபது நிமிடம், குழந்தைகள் பங்கு பதினைந்து, கேள்விகள் பத்து, மிச்ச நேரம் முழுவதும் மேசைகளைச் சுற்றிப் பார்க்க. குழந்தைகளுக்குக் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி வேண்டாம், பள்ளியில் அதுவே போதுமான அளவு நடக்கிறது. தங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்ட ஒரு பாட்டையோ விடுகதையையோ வந்து சொல்லச் சொல்லுங்கள். சுண்டலும் டீயும் வெளி வராந்தாவில். புத்தகம் இருக்கும் அறைக்குள் எண்ணெய்க் கை போகக் கூடாது.

ஊர்ப் பிரமுகர்கள் வந்தால் முன்வரிசை கொடுங்கள், அவர்களில் ஒருவரை வாசிக்கும் மூவரில் ஒருவராக முன்பே கேட்டு வைத்தால் இன்னும் நல்லது. தனியாகப் பேச அழைக்காததற்கு வருத்தப்படும் ஒருவர், ஐயரின் ஒரு பக்கத்தைக் கம்பீரமாகப் படித்துவிட்டு மனநிறைவோடு உட்காருவார்.

முடிந்த பிறகு

அன்றிரவே நாற்காலிகளை அடுக்கி, கூட்டி, சாவியை நூலகரிடம் கொடுங்கள். மறுநாள் அவரிடம் மூன்று விவரம் வாங்கிக்கொள்ளுங்கள்: இரவல் போன புத்தகங்கள், புதிய உறுப்பினர்கள், கேட்டும் கிடைக்காத தலைப்புகள். அந்த மூன்றாவது பட்டியலை மாவட்ட நூலக அலுவலருக்கு நன்றிக் கடிதத்தோடு அனுப்பிவிட்டால், அடுத்த கொள்முதலில் சிலவாவது வர வாய்ப்பு உண்டு. எடுத்த படங்களையும் பதிவுகளையும் ஒரு பென் டிரைவில் போட்டு நூலகத்தில் ஒரு பிரதி, உங்களிடம் ஒரு பிரதி வையுங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் ஊர், ஆள், தேதி இருக்கட்டும், ஐந்து வருடம் கழித்து எடுத்துப் பார்க்கிறவர் உங்களைத் தேடி வந்து கேட்க முடியாது.

இரவல் போனவை இரண்டு வாரத்தில் திரும்ப வரத் தொடங்கும். அந்த நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எடுத்துப் போனவர்களை மட்டும் கூப்பிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், ஆறேழு பேர் வந்தால் நல்ல கூட்டம்தான். எந்த அத்தியாயம் பிடித்தது, எங்கே நிறுத்திவிட்டார்கள் என்று கேளுங்கள், முடிக்காதவர்களுக்கு அங்கேயே புதுப்பித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்து யாரை எடுக்கலாம் என்பதையும் அவர்களே சொல்லட்டும், தேதியை அன்றே நூலகரின் காலண்டரில் குறித்துவிடுங்கள்.